கேமரா காட்டும் பக்கம் காது: ஒரு சிம்பொனியைத் திரையில் பார்ப்பது எப்படி?

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரியின் வீடியோவை முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பவருக்குத் திகைப்பு வருவது இயல்பு. மேடையில் எண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒருவர் குச்சியை வீசுகிறார். பாட்டு இல்லை, சொல் இல்லை. சில விநாடிக்கு ஒரு முறை படம் மாறிக்கொண்டே இருக்கிறது. நாற்பது நிமிடம் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

அந்தப் படத்தையே பிடித்துக்கொள்ளலாம். நன்றாக எடுக்கப்பட்ட கச்சேரிப் படத்தில் ஷாட் மாறுவது அழகுக்காக அல்ல. இந்த இடத்தில் யாருடைய குரலைக் கேட்க வேண்டும் என்று ஒருவர் இசைக்குறிப்பைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால், அரங்கில் பத்தாம் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடப் பிடிபடாத நுணுக்கங்கள் நமக்குப் பிடிபடும். அதே கேமரா சில இடங்களில் காதைத் தவறான பக்கம் இழுத்துவிடவும் செய்யும். இரண்டையும் ஒரே சிம்பொனியை வைத்துப் பார்க்கலாம்: ஆன்டோனின் த்வோர்ஷாக் எழுதிய ஒன்பதாம் சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து'.

செக் நாட்டவரான த்வோர்ஷாக் நியூயார்க்கில் ஓர் இசைக் கல்லூரிக்கு இயக்குநராக இருந்தபோது, 1893இல் இதை எழுதி முடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று கார்னகி ஹாலில் ஆன்டன் ஸைடல் நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இதை அரங்கேற்றியது. 2008 பிப்ரவரி 26 அன்று அதே ஆர்க்கெஸ்ட்ரா வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கில் லோரின் மாஸெல் தலைமையில் இதே சிம்பொனியை வாசித்தது, தொலைக்காட்சியில் நேரலையாகவும் போனது. இதற்கு வீடியோக்கள் ஏராளம். மெட்டுகள் தெளிவானவை. தனியாக வாசிக்கும் இடங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான சிம்பொனி கிடைப்பது கடினம்.

இதை 'ரொமான்டிக்' சிம்பொனி என்பார்கள். அந்தச் சொல்லுக்கு இங்கே காதல் என்று பொருள் இல்லை. ஏறத்தாழ 19ஆம் நூற்றாண்டின் இசையை அப்படி அழைக்கிறார்கள். முந்தைய தலைமுறையின் சிம்பொனியைவிட ஆர்க்கெஸ்ட்ரா பெரிது, மெல்லியது இன்னும் மெல்லியது, உரத்தது இன்னும் உரத்தது. முதல் பகுதியில் வந்த மெட்டு கடைசிப் பகுதியில் வேறு உடையில் திரும்பி வரும். சிம்பொனிக்குப் பொதுவாக நான்கு பகுதிகள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் சிறு இடைவெளி இருக்கும். இப்போது அந்த இடைவெளியில் யாரும் கைதட்டுவதில்லை. 1893இல் அப்படியில்லை. இரண்டாம் பகுதி முடிந்ததும் எழுந்த கைதட்டலுக்கு த்வோர்ஷாக் எழுந்து நின்று தலைவணங்க வேண்டியிருந்தது.

மேடையில் யார் எங்கே

முதலில் வரும் அகலமான ஷாட்டில் வீடியோவை நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடம் மேடையைப் பாருங்கள். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் மீதி நாற்பது நிமிடமும் எளிதாகிவிடும்.

குச்சியை வீசி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர்தான் கண்டக்டர். அவருக்கு இடப்பக்கம் முதல் வயலின்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் 16 பேர் இருப்பார்கள். இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்பது வழக்கமான கணக்கு. சின்ன மேடையில் இது குறையும். செல்லோவும் வயோலாவும் எந்தப் பக்கம் என்பது கண்டக்டருக்குக் கண்டக்டர் மாறும். சிலர் இரண்டாம் வயலினை வலப்பக்க ஓரத்தில் உட்கார வைப்பார்கள்.

தந்திக் கருவிகளுக்குப் பின்னால் மேடை நடுவில் மரக்காற்றுக் கருவிகள் இருக்கும்: புல்லாங்குழல் இரண்டு, ஓபோ இரண்டு, கிளாரினெட் இரண்டு, பசூன் இரண்டு. அவர்களைச் சுற்றியும் பின்னாலும் பித்தளைக் கருவிகள்: ஹார்ன் நான்கு, டிரம்பெட் இரண்டு, டிராம்போன் மூன்று, டியூபா ஒன்று. எல்லோருக்கும் பின்னால் டிம்பனி எனும் பெரிய முரசுகள்.

முதல் வயலின்காரர்கள் 16 பேரும் ஒரே வரியை வாசிக்கிறார்கள். முதல் புல்லாங்குழல்காரர் தன் வரியைத் தன்னந்தனியாக வாசிக்கிறார். கேமரா மரக்காற்று வரிசைக்கு அடிக்கடி போவதற்குக் காரணம் இதுதான். அங்கே ஒவ்வொருவரும் தனிக் கலைஞர், ஒருவர் தடுமாறினால் மூடி மறைக்க ஆள் இல்லை.

ஷாட் மாறுவது எப்படி

நேரலைக் கச்சேரியைப் படமாக்குபவர் பல வாரம் முன்பே முழு ஸ்கோரையும் எடுத்துக்கொண்டு உட்காருவார். ஸ்கோர் என்பது எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சான புத்தகம். எந்த இடத்தில் எந்தக் கேமரா எந்தக் கருவிமீது என்று அதில் எண் போட்டுக்கொண்டே போவார். நாற்பது நிமிட சிம்பொனிக்குச் சில நூறு ஷாட்டுகள் வரும். கச்சேரி நேரத்தில் அவர் பக்கத்தில் ஸ்கோர் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து தாள அளவைகளை எண்ணியபடியே, 'அடுத்தது 112, மூன்றாம் கேமரா ஓபோ' என்று ஹெட்செட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். கேமராக்காரர் அதற்குள் ஓபோவைச் சட்டகத்துக்குள் வைத்து ஃபோகஸ் பண்ணிக் காத்திருக்க வேண்டும். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் இணையக் கச்சேரி அரங்கில் கேமராமேன்களே மேடையருகில் கிடையாது. எல்லாம் தொலைவிலிருந்து இயக்கப்படும் கேமராக்கள்.

ஷாட் நல்ல ஷாட்டா என்று சோதிக்க ஒரே அளவுகோல் போதும்: மூச்சு. புல்லாங்குழல்காரர் வாசிக்குமுன் மூச்சை இழுப்பதைப் பார்த்தீர்களானால் படம் சரியான நேரத்தில் மாறியிருக்கிறது. ஏற்கெனவே நாலு சுரம் வாசித்துவிட்ட ஆளைக் காட்டினால் தாமதம். எண்ணியவர் ஓர் அளவை பிசகியிருப்பார், அல்லது கண்டக்டர் ஒத்திகையைவிட வேகமாகப் போயிருப்பார். கச்சேரிப் படங்களில் அதிகம் காணும் பிழை இதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, அது பிழையாகவே கண்ணில் படாது. கேமராவுக்கு மெட்டு பிடிக்கும், அடித்தளம் பிடிக்காது. இரண்டாம் வயலினும் வயோலாவும் நாற்பது நிமிடமும் ஓயாமல் உழைப்பார்கள், திரையில் அவர்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். கண் மெட்டின் மேலேயே நின்றுவிட்டால் சிம்பொனி ஒரு நீண்ட தனிப்பாடலாகச் சுருங்கிவிடும். ஆகவே ஒரே வீடியோவை இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை திரையில் யார் தெரிகிறாரோ அவரைக் காதால் ஒதுக்கிவிட்டு, அவருக்குக் கீழே யார் என்ன செய்கிறார் என்று தேடுங்கள்.

எல்லாப் படமும் நேரலை அல்ல. இதே சிம்பொனியை ஹெர்பர்ட் ஃபான் கரயான் என்ற கண்டக்டர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் வாசித்ததை 1966இல் பிரெஞ்சு இயக்குநர் ஆன்றி ஜார்ஜ் க்ளூஸோ படமாக்கினார். அது படப்பிடிப்புக்கென்றே ஏற்பாடு செய்த வாசிப்பு. பிற்காலக் கரயான் படங்கள் பலவற்றில் ஒலியை முதலில் பதிவுசெய்து, பிறகு அதற்கேற்ப வாசிப்பதுபோல் படம் எடுத்தார்கள், நம் சினிமாப் பாட்டுக்கு வாயசைப்பதுபோல. சட்டகத்துக்குள் ஒரு மைக்கூட இல்லாமல், விற்கள் எல்லாம் கோடு கிழித்ததுபோல் ஒரே கோணத்தில் இருந்தால் அந்த வகைப் படமாக இருக்கலாம். அழகில் குறையில்லை. ஆனால் யார் எப்படி வாசிக்கிறார் என்று பழக, நேரலைப் பதிவே நல்லது.

பார்க்கத் தொடங்குமுன் ஒலி

முதல் பகுதி செல்லோக்களின் முணுமுணுப்பில் தொடங்குகிறது. சத்தம் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றுவோம். ஒரு நிமிடம் கழித்துத் தந்திகளும் டிம்பனியும் இடிபோல் இறங்கும், பதறிப்போய்க் குறைப்போம். அதன்பிறகு மெல்லிய இடங்கள் எல்லாம் தொலைந்துபோகும். இதைத் தவிர்க்க, வீடியோவை முதலில் அந்த இடி வரும் இடத்துக்கு நகர்த்துங்கள். அது உரக்க, ஆனால் தாங்கும்படி கேட்கும் அளவில் வால்யூமை வையுங்கள். பிறகு தொடக்கத்துக்குப் போய், கடைசிவரை தொடாதீர்கள். டிவியில் 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்' போன்றவை இருந்தால் அணைத்துவிடுங்கள். மெல்லியதை ஏற்றி உரத்ததை இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் அவற்றின் வேலை. ரொமான்டிக் சிம்பொனியின் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

செல்போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கிட்டத்தட்ட ஊமை. டபுள் பாஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. எட்டுப் பேர் வில் போடுவது படத்தில் தெரியும், காதில் ஒன்றும் விழாது. சாதாரண ஒயர் ஹெட்போன் போதும்.

புளூடூத் ஹெட்போனில் இன்னொரு தொல்லை. ஒலி 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதமாக வரக்கூடும், படக் கணக்கில் நான்கு முதல் ஆறு ஃபிரேம். பல ஆப்கள் இதைச் சரிக்கட்டிவிடும், சில செய்யாது. சோதிக்க டிம்பனி குச்சியைப் பாருங்கள். குச்சி தோலில் படும்போதே சத்தம் வர வேண்டும். கண்டக்டரின் கையை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். கை கீழே இறங்கிய பிறகு சற்றுத் தள்ளி ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பது வழக்கம்தான். பல கண்டக்டர்கள் வேண்டுமென்றே ஒலிக்கு முன்னால் போவார்கள், வரப்போவதைக் காட்டுவதுதான் அந்தக் கையின் வேலை. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு வீடியோ பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

படம் நெருங்கினாலும் ஒலி நெருங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒலியின் பெரும்பகுதியைப் பிடிப்பவை கண்டக்டர் தலைக்கு மேலே தொங்கும் சில முதன்மை மைக்குகள். டிம்பனி அங்கிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி வந்துசேர ஏறத்தாழ 29 மில்லி விநாடி ஆகும். டிம்பனிக்குப் பக்கத்தில் தனி மைக் வைத்தால், ஒலிப்பொறியாளர் அந்த மைக்கை அதே அளவு தாமதப்படுத்திக் கலப்பார். இல்லாவிட்டால் ஓர் அடி இரண்டு அடியாகக் கேட்கும்.

இரண்டாம் பகுதி: அருகில் போய்ப் பார்ப்போம்

'லார்கோ' எனப்படும் இரண்டாம் பகுதிக்கு ஏறத்தாழ 12 நிமிடம். ஒரே அமர்வில் முழுச் சிம்பொனியையும் பார்க்க முடியாதவர்கள் இதை மட்டும் பார்த்தாலும் போதும்.

தொடக்கத்தில் தந்திகள் இல்லை. பித்தளைக் கருவிகளும் தாழ்ந்த மரக்காற்றுகளும் மெதுவாகச் சில சுரக்கூட்டுகளை அடுக்குகின்றன. சுரக்கூட்டு என்பது பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. கர்நாடக இசைக் காதுக்கு இங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது: ஆதார ஸ்ருதியே இடம் மாறுகிறது. தம்பூரா கச்சேரி முழுக்க ஒரே ஸ-வைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே முதல் பகுதியின் 'ஈ' என்ற சுரத்தில் நின்றுகொண்டிருந்த ஸ, அந்தச் சில சுரக்கூட்டுகளுக்குள் 'டி ஃப்ளாட்' என்ற தொலைதூர இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. வேறொரு ஊரில் கண்விழித்த உணர்வு வருவது அதனால்தான். டியூபா வாசிப்பவரை இங்கே கட்டாயம் பாருங்கள். சிம்பொனி முழுவதிலும் அவருக்கு இந்தச் சுரக்கூட்டுகளும், இதே பகுதியில் அவை திரும்பி வரும் இடமும் மட்டும்தான் வேலை. பதினைந்து சுரம்கூடத் தேறாது.

அடுத்து வயலின் விரல்களை நெருங்கிக் காட்டினால் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் ஒரு சிறு கறுப்பு ரப்பர் துண்டு தெரியும். அதுதான் மியூட். அது குதிரையின் அதிர்வைக் குறைக்கும், கூர்மையான மேல் ஒலிகள் மங்கும். தந்திகள் வேறு அறையிலிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும்.

அந்த மங்கிய படுக்கைமேல் கோர் ஆங்லே மெட்டைத் தொடங்குகிறது. இது ஓபோவின் அக்கா. உடல் நீளம், அடிப்பாகம் உருண்டை. ஓபோவில் ஸ தரும் விரல்பிடிப்பில் இது கீழ் ஸ்தாயி ம தரும். ஒலி பிறப்பது நாதஸ்வரத்தின் சீவாளியைப் போலவே இரட்டை நாணலில். வாசிப்பவர் அந்த நாணலை உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பதை நல்ல படம் தவறவிடாது. பெரும்பாலான ஆர்க்கெஸ்ட்ராக்களில் இதற்கென்று தனி ஆள் இருப்பார், முதல் பகுதி முழுக்கச் சும்மா இருந்தவர். நாணல் காய்ந்தால் முதல் சுரம் பேசாது, குழல் குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும். அதனால் நாணலை வாயில் நனைத்துக்கொண்டும், ஒலி எழாமல் குழலுக்குள் வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டும் இருப்பார். பிறகு நேராக உலகம் முழுக்கத் தெரிந்த மெட்டு, அதுவும் மென்மையாக.

க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி. பாடிப் பாருங்கள். தொடக்க வரி மோகனத்தின் சுரங்களுக்குள்ளேயே நிற்கிறது. மோகன ராகம் என்று சொல்லிவிட முடியாது, கமகம் இல்லை, மெட்டு போகப்போக வேறு சுரங்களும் வரும். ஆனாலும் முதல் முறை கேட்கும்போதே இது பழகிய குரலாக இருப்பதற்கு அந்த ஐந்து சுரக் கட்டு ஒரு காரணம். 1922இல் த்வோர்ஷாக்கின் மாணவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் இந்த மெட்டுக்கு வரிகள் எழுதி, அது தனிப்பாட்டாகவே பரவியது. அதனால் பலர் இதை ஒரு நாட்டார் பாடல் என்றே நினைக்கிறார்கள். மெட்டு த்வோர்ஷாக்கின் சொந்த மெட்டு.

நடுவில் புல்லாங்குழலும் ஓபோவும் வேறொரு சோக மெட்டை எடுக்கும். அடுத்துக் கிளாரினெட்டுகள் பாடும்போது, கீழே டபுள் பாஸ் வில்லைப் போடாமல் விரலால் மீட்டிக்கொண்டு நடக்கும். கேமரா மேலே இருக்கும், காதைக் கீழே வையுங்கள். பிறகு ஆர்க்கெஸ்ட்ரா பெருகி, முதல் பகுதியின் மெட்டு டிராம்போன்களில் ஒரு கணம் எரிந்து அடங்கும்.

கடைசியில் பலர் வீடியோ நின்றுவிட்டதென்று நினைக்கும் இடம் வருகிறது. தந்திகள் அதே மெட்டைத் திரும்ப எடுத்து, பாதி வரியில் நிறுத்துகின்றன. முழு அமைதி. இரண்டு சுரம், மறுபடியும் அமைதி. வாசிப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, ஒரு வயலின், ஒரு செல்லோ என்ற அளவுக்கு இறங்கும். நெட் போய்விட்டதோ என்று திரையைத் தட்டாதீர்கள். கண்டக்டரின் இடது கையைப் பாருங்கள், காற்றில் அப்படியே நிற்கும். அந்த மௌனங்களும் ஸ்கோரில் எழுதப்பட்டவை. பகுதி முடிவது டபுள் பாஸ்கள் நான்காகப் பிரிந்து வாசிக்கும் ஒரு சுரக்கூட்டில், கேட்டும் கேட்காததுமாக. இந்த இடத்துக்காகவே ஹெட்போன் வாங்கலாம்.

மற்ற மூன்று பகுதிகள்

முதல் பகுதியில் ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மெதுவான முன்னுரைக்குப் பிறகு ஹார்ன்கள் மேலே ஏறி இறங்கும் ஒரு மெட்டைத் தரும். அதுதான் இந்த சிம்பொனியின் முத்திரை, நான்கு பகுதியிலும் தலைகாட்டும். நான்கைந்து நிமிடம் கடந்ததும் சில கண்டக்டர்கள் அந்த ஹார்ன் மெட்டுக்கே திரும்பிப்போய், வாசித்ததை முழுதாக மறுபடி வாசிப்பார்கள். ஸ்கோரில் 'திரும்ப வாசி' என்ற குறி இருக்கிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு வீடியோவில் முதல் பகுதி 9 நிமிடம், இன்னொன்றில் 12 நிமிடம் என்று இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், வேகம் அல்ல. புதியவர்கள் திரும்ப வாசிக்கும் பதிவையே தேர்ந்தெடுப்பது நல்லது. மெட்டுகள் மனதில் பதிய இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது.

மூன்றாம் பகுதி துள்ளல். இதில் மட்டும் ட்ரையாங்கிள் கிணுகிணுக்கும். இடையிடையே டிம்பனிக்காரர் குனிந்து தோலருகே காதை வைத்துப் பார்த்தால், அடுத்து வரப்போகும் சுரத்துக்குச் சுருதி சேர்க்கிறார் என்று பொருள். எண்பது பேர் வாசிக்கும் சத்தத்துக்கு நடுவே அவர் தனக்கு மட்டும் கேட்கும்படி அதைச் செய்கிறார். ஹார்ன்காரர்கள் கருவியைக் கவிழ்த்து நீர் வடிப்பதும் அப்படியே, மூச்சின் ஈரம் குளிர்ந்து குழாய்க்குள் தேங்குவதால் வருவது.

நான்காம் பகுதி தந்திகளின் இரண்டு பக்கத்துச் சுரங்களில் தொடங்கி, வேகமெடுத்து, ஹார்னும் டிரம்பெட்டும் சேர்ந்து முழங்கும் மெட்டில் வெடிக்கிறது. தொடங்கி ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குள் ஒரு சிம்பல் அடி வரும். முழு சிம்பொனிக்கும் அந்த ஒரே அடிதான். சினிமாவில் வருவதுபோன்ற பெருமுழக்கம் அல்ல, உரசிப் பிரிவதுபோல் மிதமான ஒலி. அதன்பின் உடனே கிளாரினெட் ஒரு நீண்ட மெட்டைப் பாடத் தொடங்கும், செல்லோக்கள் இடையிடையே பேச்சுக் கொடுக்கும். படத் தொகுப்பாளர் எப்படிப்பட்டவர் என்று இந்த இடத்தில் தெரிந்துவிடும். சிம்பல் தட்டுகளைக் காட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டால் கிளாரினெட்டின் மூச்சு போய்விடும். சிம்பலையே காட்டாமல் விட்டால் அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நல்ல படத்தில் இரண்டும் கிடைக்கும்.

இறுதிக் கட்டத்தில் முந்தைய பகுதிகளின் மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். லார்கோவில் மெதுவாக அடுக்கிய அதே சுரக்கூட்டுகள் இப்போது முழுப் பலத்தோடு முழங்கும். கண்ணை மூடிக்கொண்டே யார் வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடிகிறதா, பாருங்கள். தந்திகள் கடைசி அடியை அடித்துவிட்டு நிறுத்திவிடும், காற்றுக் கருவிகள் மட்டும் அந்தச் சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு தேய்ந்துகொண்டே போகும். முடிந்துவிட்டதென்று ரிமோட்டை எடுக்க வேண்டாம். கண்டக்டரின் கை இன்னும் மேலேதான் இருக்கிறது.